இனமேம்பாட்டியல் எங்கே தவறியது?

"ஆடு மாடுகளில் நல்ல ரகத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறோம். மனிதர்களிலும் அதைச் செய்யலாம் என்றுதான் யூஜெனிக்ஸ், அதாவது இனமேம்பாட்டியல், சொன்னது. நாஜிகள் கையில் சிக்கியதால் அதற்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. அடிப்படை அறிவியல் சரிதானே? இன்றைக்கு மரபணுப் பரிசோதனை என்ற பெயரில் நடப்பதும் அதுதானே?" என்பது கேள்வி.

முதல் பாதிக்குப் பதில், இல்லை. கட்டாயக் கருத்தடைக்கான முதல் சட்டம் 1907-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வர அப்போது இன்னும் 26 ஆண்டுகள் இருந்தன. அந்த அறிவியல் பிறந்த இடத்திலேயே ஓட்டையாக இருந்தது. எதை அளக்கிறோம் என்பதில் தெளிவில்லை, அளந்த விதம் தவறு, அதன்மேல் போட்ட கணக்கும் உதைத்தது. இன்றைய பரிசோதனைகளைப் பற்றிய கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. அதைப் பிறகு பார்ப்போம்.

யூஜெனிக்ஸ் என்ற சொல்லை 1883-ல் உருவாக்கியவர் டார்வினின் உறவினரான ஃபிரான்சிஸ் கால்டன். அதற்கு 14 ஆண்டுகள் முன்பே அவர் இங்கிலாந்தின் நீதிபதிகள், தளபதிகள், அறிஞர்கள் ஆகியோரின் குடும்பங்களைத் தொகுத்திருந்தார். புகழ்பெற்றவர்களின் நெருங்கிய உறவினர்களே அதிகம் புகழ்பெறுகிறார்கள், ஆகவே திறமை பிறப்பிலேயே வருகிறது என்பது அவர் முடிவு. நீதிபதியின் மகனுக்கு நல்ல பள்ளியும் ஆக்ஸ்ஃபோர்டும் அப்பாவின் நண்பர்களும் பிறக்கும்போதே வாய்த்துவிடுகிறார்கள் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே கால்டன்தான் 205 பெற்றோர் இணைகளையும் அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் பற்றிய உயரத் தகவல்களைத் தொகுத்து, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புகிறார்கள் என்று 1886-ல் காட்டினார். பெற்றோர் சராசரியிலிருந்து விலகியிருந்த அளவில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் பிள்ளைகளிடம் தெரிந்தது. புள்ளியியலுக்கு அது பெரிய கொடை, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சிறந்தவர்களை மட்டும் மணமுடித்து வைத்தால் சிறந்தவர்களே பிறப்பார்கள் என்ற அவருடைய சொந்தத் திட்டத்துக்கு எதிரான எச்சரிக்கையும் அதற்குள்தான் இருந்தது.

இங்கிலாந்தில் கருத்தாக இருந்ததை அமெரிக்கர்கள் இயந்திரமாக்கினார்கள். 1910-ல் நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் சார்லஸ் டேவன்போர்ட், ரயில்வே முதலாளி ஹாரிமனின் மனைவி கொடுத்த பணத்தில் யூஜெனிக்ஸ் பதிவு அலுவலகத்தைத் தொடங்கினார். ஹாரி லாஃப்லின் அதன் கண்காணிப்பாளர். தரவு சேகரித்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாத் தவறும் அங்கேதான் தொடங்குகிறது.

சில வாரக் கோடைக்காலப் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், கிராமம் கிராமமாகப் போனார்கள். ஒரு குடும்பத்தின் கதையை அண்டை வீட்டாரிடமும் பாதிரியாரிடமும் கேட்டார்கள். செத்துப்போன தாத்தா குடிகாரர், சின்னத் தாத்தா சோம்பேறி, அத்தை ஒழுக்கம் கெட்டவள் என்று யாராவது சொன்னால் அது அட்டையில் ஏறியது. வறுமை, குடி, நாடோடித்தனம், திருட்டு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. அந்த அட்டைகளிலிருந்து வம்சாவளிப் படம் வரைந்து, அதில் மெண்டலின் விகிதத்தை, அதாவது ஒற்றை மரபணுப் பண்பு பிள்ளைகளிடம் வெளிப்படும் கணக்கை, தேடினார்கள். தேடினால் எதுவும் கிடைக்கும். கப்பற்படை அதிகாரிகளின் குடும்பங்களை ஆராய்ந்த டேவன்போர்ட், கடல்மீதான காதலே தாய்வழியில் கடத்தப்பட்டு ஆண்களில் வெளிப்படும் ஒரு பரம்பரைப் பண்பு என்று 1919-ல் எழுதினார். கடலோடியின் மகன் துறைமுகத்தில் வளர்ந்து கடலுக்குப் போகிறான் என்ற எளிய விளக்கம் அவருக்குப் போதவில்லை.

இந்த முறையின் உச்சம் நியூஜெர்சியின் வைன்லேண்டு பயிற்சிப் பள்ளியில் இருந்த உளவியலாளர் ஹென்றி கோடார்ட் 1912-ல் வெளியிட்ட காலிகாக் குடும்ப ஆய்வு. அமெரிக்கப் புரட்சிக் காலத்துச் சிப்பாய் ஒருவன் மதுக்கடைப் பெண்ணோடு உறவுகொண்டதில் வந்த சந்ததியினர் 480 பேர். அவர்களில் 143 பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள், 46 பேர் மட்டுமே இயல்பானவர்கள் என்றார். மீதி 291 பேர்? அவர்களைப் பற்றித் தெரியாது என்று வைத்துவிட்டார். அதே சிப்பாய் நல்ல குடும்பத்துப் பெண்ணை மணந்ததில் வந்தவர்கள் எல்லாம் கண்ணியமானவர்களாம். நூறாண்டுக்கு முன் இறந்தவர்களின் அறிவுத்திறனை களப்பணியாளர் ஊர்ப்பேச்சை வைத்தே தீர்மானித்திருந்தார். பின்னாளில் வம்சாவளி ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைத் தேடியபோது, கெட்ட கிளையின் மூதாதை எனப்பட்டவர் அந்தச் சிப்பாயின் மகனே அல்ல என்று தெரிந்தது. கோடார்டே 1928-ல் தன் நிலைப்பாட்டிலிருந்து பெருமளவு பின்வாங்கினார். அதற்குள் சட்டங்கள் வந்துவிட்டன.

அறிவுத்திறன் தேர்வுகள் இதைவிடத் துல்லியமாக இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். முதல் உலகப்போரில் சுமார் 17.5 லட்சம் அமெரிக்க வீரர்களுக்கு அந்தத் தேர்வு வைத்தார்கள். வெள்ளை வீரர்களின் சராசரி மன வயது, அதாவது எந்த வயதுக் குழந்தையின் அளவுக்கு விடை சொல்கிறார்கள் என்பது, 13 என்று வந்தது. மன வயது 8 முதல் 12 வரை இருந்தால் குறைபாடுடையவர் என்று கோடார்ட் வகுத்திருந்த கோட்டின்படி, ராணுவத்தில் பாதிப்பேர் ஏறக்குறைய அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள். இப்படி ஒரு முடிவு வந்தால் தராசைத்தான் சந்தேகிக்க வேண்டும். அவர்கள் ஜனங்களைச் சந்தேகித்தார்கள். வினாத்தாளில் ஒரு கேள்வி, கிரிஸ்கோ (அமெரிக்கச் சமையல் கொழுப்பு ஒன்றின் வணிகப் பெயர்) என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்பது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான படத் தேர்வில் வலை இல்லாத டென்னிஸ் மைதானத்தைக் காட்டி, எது குறைகிறது என்று கேட்டார்கள். இத்தாலியக் கிராமத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியவனிடம் இது எதை அளக்கும்?

இப்போது சட்டத்துக்கு வருவோம். வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் அருகே, வலிப்பு நோயாளிகளுக்கும் மனவளர்ச்சி குன்றியவர்களுக்குமான அரசுக் காப்பகம் ஒன்று இருந்தது. அதன் கண்காணிப்பாளர் டாக்டர் ஆல்பர்ட் பிரிடி, சட்டம் எதுவும் இல்லாத காலத்திலேயே பெண்களுக்குக் கருத்தடை செய்துவந்தார். பாதிக்கப்பட்ட ஒரு குடும்பம் வழக்குப் போட்டது. அவர் தப்பித்தார், ஆனாலும் சட்டப் பாதுகாப்பு தேவை என்று புரிந்துகொண்டார். வழக்கறிஞர் ஆப்ரி ஸ்ட்ரோடு, லாஃப்லினின் மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றி வரைவு எழுத, 1924 மார்ச் 20-ல் அது சட்டமானது. வெள்ளையர் பிற இனத்தவரை மணப்பதைத் தடுக்கும் சட்டமும் அதே நாளில் கையெழுத்தானது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் காலத்து மனநிலை பிடிபடும். சட்டம் நீதிமன்றத்தில் நிற்குமா என்று பார்க்க ஒரு சோதனை வழக்கு தேவைப்பட்டது. அதற்குக் கிடைத்தவர் கேரி பக் என்ற 17 வயதுப் பெண்.

கேரியின் தாய் எம்மா ஏற்கெனவே அந்தக் காப்பகத்தில் இருந்தார். கேரி வளர்ப்புக் குடும்பம் ஒன்றில் வீட்டு வேலை செய்து வளர்ந்தார். ஆறாம் வகுப்பு வரை படித்தார், நடத்தையும் படிப்பும் நன்று என்று ஆசிரியர் எழுதிய குறிப்பு இருக்கிறது. வளர்ப்புத் தாயின் உறவினன் அவரை வன்புணர்வு செய்ததில் கர்ப்பமானார். மானத்துக்குப் பயந்த வளர்ப்புக் குடும்பம் அவரைக் காப்பகத்தில் தள்ளியது. மகள் விவியன் பிறந்தது 1924 மார்ச்சில். மூன்று தலைமுறைக் குறைபாடு என்று நிரூபிக்க அந்தக் கைக்குழந்தையும் தேவைப்பட்டது. ஏழெட்டு மாதக் குழந்தையைப் பார்த்த சமூகப் பணியாளர், ஏதோ இயல்பாக இல்லாததுபோல் தோன்றுகிறது, சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்ற பொருளில் சாட்சி சொன்னார். லாஃப்லின் கேரியை ஒருமுறைகூடப் பார்க்காமல், பிரிடி அனுப்பிய தகவலை வைத்தே நிபுணர் வாக்குமூலம் கொடுத்தார். கேரிக்காக வாதாட நியமிக்கப்பட்ட இர்விங் ஒயிட்ஹெட், ஸ்ட்ரோடின் நண்பர், அந்தக் காப்பகத்தின் முன்னாள் நிர்வாகக் குழு உறுப்பினர். அவர் தன் தரப்பில் ஒரு சாட்சியையும் கூப்பிடவில்லை. கேரியின் பள்ளிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கியிருந்தாலே வழக்கு ஆட்டம் கண்டிருக்கும்.

பிரிடி இடையில் இறந்துவிட, அவருக்குப் பின் கண்காணிப்பாளரான டாக்டர் ஜான் பெல் பெயரில் வழக்கு தொடர்ந்தது. 1927 மே 2-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் சட்டத்தை ஏற்றது. தீர்ப்பை எழுதியவர் அந்நாட்டின் மிகப் பெரிய நீதிமான்களில் ஒருவராக மதிக்கப்பட்ட ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். போரில் சிறந்த குடிமக்களின் உயிரையே அரசு கேட்கும்போது இந்தச் சிறு தியாகத்தைக் கேட்கக் கூடாதா என்றார். கட்டாய அம்மை குத்துதலை ஏற்ற 1905-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கொள்கை கருக்குழாயை வெட்டுவதற்கும் போதும் என்றார். மூன்று தலைமுறை மந்தர்கள் போதும் என்று முடித்தார். அந்த ஆண்டு அக்டோபர் 19-ல் டாக்டர் பெல் கேரியின் இரண்டு கருக்குழாய்களிலும் ஓர் அங்குல நீளம் வெட்டியெடுத்து, முனைகளைக் கட்டி, கார்பாலிக் அமிலத்தால் சுட்டார். விவியன் பள்ளிக்குப் போனாள், 1931-ல் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பிடித்தாள், அடுத்த ஆண்டு குடல் தொற்றில் 8 வயதில் இறந்தாள். கேரியின் தங்கை டோரிஸுக்கும் 1928-ல் அறுவை நடந்தது. அவரிடம் குடல்வால் ஆபரேஷன் என்றார்கள். கணவரோடு பல்லாண்டு குழந்தைக்காகக் காத்திருந்த அவருக்கு உண்மை தெரிந்தது ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அமெரிக்காவில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் 60,000-க்கும் அதிகமானோருக்கு இப்படிச் செய்யப்பட்டது. கலிபோர்னியாவில் மட்டும் சுமார் 20,000 பேர். அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நேரடியாக ரத்து செய்யப்படவே இல்லை. 1942-ல் ஓக்லஹோமா வழக்கில், குற்றவாளிகளுக்குத் தண்டனையாகக் கருத்தடை செய்யும் சட்டம் வேறு காரணத்தால் விழுந்தது, அவ்வளவுதான்.

சரி, இவர்கள் அளந்தது எல்லாம் சரியாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு வேலை செய்யுமா? செய்யாது. இது 1908-ல் ஹார்டியும் வெயின்பெர்கும் சமன்பாடு எழுதியதிலிருந்தே கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். பினைல்கீட்டோன்யூரியா என்ற ஒடுங்கு மரபணு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். உணவுப் புரதத்தில் உள்ள பினைல்அலனினை உடலால் சிதைக்க முடியாமல் மூளை பாதிக்கப்படும் நோய் அது. ஐரோப்பியரில் தோராயமாக 10,000 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் வரும். நோய் வர, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என அந்த மரபணுவின் இரண்டு பழுதான பிரதிகள் வேண்டும். 10,000-ல் ஒன்று என்றால், அந்தச் சமூகத்தின் மொத்தப் பிரதிகளில் 100-ல் ஒன்று பழுதானது. அப்படியானால் ஒரே ஒரு பழுதான பிரதியோடு முழு ஆரோக்கியமாகத் திரியும் கேரியர்கள் 10,000-ல் 198 பேர். நோயுள்ள ஒருவரைக் கருத்தடை செய்தால் பழுதான பிரதிகளில் 100-ல் ஒரு பங்கைத்தான் தொட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் நோயாளிகள் அத்தனை பேரையும் தடுத்தாலும் 100-ல் ஒன்று என்பது அடுத்த தலைமுறையில் 101-ல் ஒன்று, அதற்கடுத்து 102-ல் ஒன்று என்றுதான் குறையும். பழுதான பிரதிகள் பாதியாகக் குறையவே 100 தலைமுறைகள், அதாவது 2,500 ஆண்டுகள் ஆகும். ரெஜினால்டு பன்னெட் 1917-லேயே இந்த வகைக் கணக்கை அச்சிட்டுவிட்டார்.

அந்த நோய்க்கு என்ன ஆனது என்பது இன்னும் முக்கியம். நார்வே மருத்துவர் ஃபோலிங் 1934-ல் அதைக் கண்டுபிடித்தார். 1950-களில் பினைல்அலனின் குறைந்த உணவு முறை வந்தது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்து, உடனே உணவை மாற்றினால் குழந்தை இயல்பாக வளர்கிறது. மரபணு மாறவே இல்லை, தட்டில் இருப்பது மாறியது. பரம்பரையாக வருவதை மாற்ற முடியாது என்ற நம்பிக்கைதான் யூஜெனிக்ஸின் முதுகெலும்பு. அது இந்த ஒரு நோயிலேயே முறிந்துவிட்டது. ஒரே ஒரு பழுதான பிரதி இருந்தாலே வரும் ஓங்கு மரபணு நோய்களிலும் கணக்கு உதவாது. ஹண்டிங்டன் நோய் பெரும்பாலும் 35 வயதுக்குமேல், பிள்ளை பெற்ற பிறகு தலைகாட்டும். டவுன் சின்ட்ரோம் பெரும்பாலும் பரம்பரையாக வருவதே இல்லை, கருமுட்டை உருவாகும்போது ஏற்படும் பிழை. அறிவுத்திறன் போன்ற பண்புகளிலோ ஆயிரக்கணக்கான மரபணு மாறுபாடுகள் ஒவ்வொன்றும் இம்மியளவு சேர்ந்து, வளர்ப்போடும் பின்னிக்கிடக்கின்றன.

மாட்டு இனப்பெருக்கம் மட்டும் எப்படி நடக்கிறது? பண்ணையாளர் பால் போன்ற ஒரே ஒரு பண்பை எடுத்துக்கொள்கிறார். கன்றுகளில் மிகச் சில காளைகளை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிறார். தீவனமும் கொட்டிலும் அவர் கையில். இதற்கும் விலை உண்டு. ஹோல்ஸ்டீன் பசுக்களில் பால் ஏறியபோது சினைபிடிக்கும் திறன் இறங்கியது. பெல்ஜியன் புளூ மாடுகள் தசைப்பிடிப்பால் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் கன்று ஈனுகின்றன. மாட்டுக்கு நல்லது எது என்பதை மாடு தீர்மானிக்கவில்லை, பால்காரர் தீர்மானிக்கிறார். மனிதர்களில் அந்தப் பண்ணையாளர் இடத்தில் யார் உட்காருவது என்ற கேள்விக்கு எந்தச் சோதனைக்கூடமும் பதில் தராது. வர்ஜீனியாவில் அந்த இடத்தில் காப்பகக் கண்காணிப்பாளர் உட்கார்ந்தார், மாட்டிக்கொண்டவர்கள் ஏழைப் பெண்கள்.

ஜெர்மனி இதை அப்படியே எடுத்துப் பெரிதாக்கியது. 1933 ஜூலை 14-ல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்பது நிலைகளைப் பட்டியலிட்டது. ஒரு நீதிபதியும் இரண்டு மருத்துவர்களும் கொண்ட பரம்பரை நல நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லின. சுமார் 4,00,000 பேர் கருத்தடைக்கு ஆளானார்கள். பெரும்பான்மை மீண்டும் அதே மனவளர்ச்சிக் குறைபாடு என்ற தெளிவற்ற முத்திரையின்கீழ். பிஸ்மார்க் யார், கிறிஸ்துமஸ் எப்போது என்ற வகைக் கேள்விகளால் அதைத் தீர்மானித்தார்கள். 1936-ல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் லாஃப்லினுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1939-லிருந்து கருத்தடை கொலையாக மாறி, விஷவாயு அறைகள் முதலில் மனநோயாளிகள்மீதும் ஊனமுற்றோர்மீதும்தான் பயன்பட்டன. போருக்குப் பின் நாஜிகள் சிலரின் வழக்கறிஞர்கள் ஹோம்ஸின் தீர்ப்பையே எடுத்துக்காட்டினார்கள். இதை வலதுசாரிகளின் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கவும் முடியாது. சமூக ஜனநாயகக் கட்சி ஆண்ட ஸ்வீடனில் 1935-லிருந்து சுமார் 40 ஆண்டுகளில் 60,000-க்கும் அதிகமானோருக்குக் கருத்தடை நடந்தது. ஜப்பானில் 1948-ல் வந்த யூஜெனிக் பாதுகாப்புச் சட்டம் 1996 வரை நீடித்தது. அது அரசமைப்புக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 ஜூலையில்தான்.

நம் நாட்டில் இதைப் பேசினால் உடனே நெருக்கடிநிலைக் காலம் நினைவுக்கு வரும். 1976-77-ல் ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள். அதன் நோக்கம் எண்ணிக்கையைக் குறைப்பது, வகை பிரிப்பது அல்ல. எனவே அதை யூஜெனிக்ஸ் என்பது சரியாகாது. இலக்கு வைத்து ஆள் பிடித்தபோது ஏழைகள்தான் சிக்கினார்கள் என்பதில் மட்டும் இரண்டும் ஒன்று. யூஜெனிக்ஸின் சாயல் நம்மிடம் இருப்பது வேறு இடத்தில். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். திருமணத்துக்கும் பிள்ளைபெறவும் தகுதியற்ற அளவு மனநோய் உள்ளவர் மணம் செய்யக் கூடாது என்கிறது. வலிப்பு நோயும் அந்தப் பிரிவில் இருந்து, 1999-ல்தான் நீக்கப்பட்டது. பெரும்பாலான வலிப்பு நோய் பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை என்று மருத்துவர்களுக்குத் தெரிந்து வெகுகாலம் ஆகியும், அதுவரை எத்தனை குடும்பங்கள் மாத்திரையை மறைத்து வைத்து வாழ்ந்திருக்கும்! மறுபக்கம், 2009-ல் சண்டிகர் அரசு இல்லத்தில் வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்ற, லேசான மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பெண்ணின் வழக்கு. குழந்தை வேண்டும் என்று அவர் சொன்னபோதும் உயர் நீதிமன்றம் கருக்கலைப்புக்கு உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி, யூஜெனிக்ஸ் கோட்பாட்டைப் பெயர் சொல்லி நிராகரித்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, சம்மதமின்றிக் கருத்தரிக்கும் திறனைப் பறிக்கும் எந்தச் சிகிச்சையையும் தடைசெய்கிறது. காப்பகத்தில் இருக்கும் உங்கள் உறவினருக்கு யாராவது கருப்பை நீக்கத்தைப் பரிந்துரைத்தால் இந்தப் பிரிவைக் காட்டலாம்.

இன்றைய பரிசோதனைகள் யூஜெனிக்ஸா? சோதனைக்குழாயில் அது தெரியாது. யார் முடிவெடுக்கிறார், எந்த நோய்க்காக, மறுத்தால் என்ன ஆகும் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். கருக்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் போட்டு விற்கும் நிறுவனங்கள் இந்த மூன்றுக்கும் முன்பே, அறிவியலிலேயே தோற்கின்றன. அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து வந்தவை, நம்மவருக்குப் பொருந்துவது மிகக் குறைவு. அரிவாள் செல் ரத்தசோகை அப்படியல்ல. நோய் உண்மை, வலி உண்மை, ஒரே மரபணு. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டதே 1952-ல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். 2023-ல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம், 2047-க்குள் நோயை ஒழிக்க, 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. கேரியர் இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. இதைத் திருமணத்துக்கு முன் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

இங்கே எது தவறிப்போகலாம் என்பதை 1970-களின் அமெரிக்கா காட்டிவிட்டது. பல மாநிலங்கள் கறுப்பின மக்களுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கின. ஆலோசனை தர ஆளில்லை. கேரியர் என்றாலே நோயாளி என்று புரிந்துகொண்டு வேலையும் காப்பீடும் மறுத்தார்கள். விமானப்படை அகாடமி கேரியர்களை 1981 வரை சேர்க்கவில்லை. நம் முகாம்களில் முதலில் செய்யும் கரைதிறன் சோதனை கேரியரையும் நோயாளியையும் பிரித்துக் காட்டாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையிடம் தவறாக 'இல்லை' என்றும் காட்டும். ஆகவே ரத்தத்தின் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி போன்ற உறுதிச் சோதனையின் முடிவு வராமல் யாரிடமும் கேரியர், நோயாளி என்று குறிக்கும் அட்டை கொடுக்கக் கூடாது. சமீபத்தில் ரத்தம் ஏற்றியவருக்கு அந்தச் சோதனையும் குழம்பும், மூன்று மாதம் பொறுத்து எடுக்க வேண்டும். முடிவைச் சோதனை செய்துகொண்டவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், ஊர்த் தலைவரிடமோ வருங்கால மாமியாரிடமோ அல்ல. கேரியர் நோயாளி அல்ல என்பதும், இந்த மரபணுவின் ஒற்றைப் பிரதி கடும் மலேரியாவிலிருந்து பாதுகாத்ததால்தான் மலைக்காடுகளில் பெருகியது என்பதும் அவர்கள் மொழியில், அட்டையிலேயே எழுதியிருக்க வேண்டும். சோதனை வேண்டாம் என்றாலும், தெரிந்தே இரு கேரியர்கள் மணந்தாலும், ரேஷனோ விடுதி இடமோ நோய்க்குத் தரும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையோ நிற்காது என்ற உறுதி எழுத்தில் வேண்டும்.